குல்சும் கிழங்கு என்று ஒன்று இல்லை

திருகோணமலை
13.01.1974

அன்புள்ள தம்பி கலீலுர் றஹ்மானுக்கு, உன் ராத்தா உம்மு குல்சும் ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. நீயும் மதினியும் பண்டாரவளைக் குளிரில் கம்பளிக்குள் சுருண்டு சுகமாயிருக்க அல்லாஹ் அருள் செய்வானாக. இங்கே என் முழங்கால் வலி மட்டும் நல்ல சுகமாக இருக்கிறது. மற்றதெல்லாம் கெட்டுப்போய்விட்டது.

எல்லாம் கெட்டுப்போன அன்றைக்கு என் வளவுக்குள் நின்றவர்களின் பெயரை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு ஒருவரும் தான் அங்கே இருக்கவில்லை என்று சொல்ல ஏலாது. என் மகள் பல்கீஸ். அவளுடைய மாப்பிள்ளை அஸீம், எங்கள் வழக்கப்படி என் வீட்டுக்கு வந்து என் ஃபேனுக்குக் கீழே படுக்கிறவர். அவரைப் பெற்ற நபீஸா, கிண்ணியாவிலிருந்து மகனைப் பார்த்துவிட்டுப் போக வந்து, பார்த்து முடியாமல் இன்னும் இருக்கிறவள். விவசாயப் போதனாசிரியர் இரத்தினசிங்கம், சப்பாத்தோடு என் பாத்திக்குள் இறங்கினவர். பக்கத்து வளவு வள்ளிநாயகி, அவள் உடம்பு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாலும் தலை இந்தப் பக்கம் இருந்தபடியால் சேர்த்திருக்கிறேன். கடைசியாக நான், கையில் அகப்பையோடு.

உன்னில் எனக்குக் கோபம் இல்லை. இதை நீ நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் பெருநாளைக்கு வந்தபோது, உன் துரை தந்ததென்று பிஸ்கட் தகரத்துக்குள் மரத்தூள் போட்டு அந்த ஓர்கிட் பூக் கிழங்குகளையும், மடித்த கடதாசியில் விதையையும் கொண்டுவந்து தந்தவன் நீ. தரும்போது நீ சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. "ராத்தா, இது துரைமார் வளர்க்கிற சாமான். படிச்ச ஆக்களே கை வைக்கப் பயப்படுவாங்க. உங்களுக்குச் சரிவராது, சும்மா வெச்சுப் பாருங்க" என்றாய். சும்மா வைத்துப் பார்க்கத்தான் என்னை நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தால் நிறுத்தினார்கள், உன்னைக் கொழும்பு வரைக்கும் அனுப்பினார்கள். ஜப்பான்காரன் துறைமுகத்துக்குக் குண்டு போட்ட அன்றைக்கு உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு உப்புவெளி மட்டும் ஓடினவள் நான், வழியெல்லாம் நீ என் கழுத்தை நனைத்துக்கொண்டு வந்தாய், அதை இதுவரை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை, அஸீமுக்கும் இரத்தினசிங்கத்துக்கும் மட்டும்தான் சொன்னேன்.

நீ சொன்னபடியே செய்தேன். கிணற்றடியில் மாதுளை நிழலில் உடைந்த செங்கல் பரப்பி, கடல்மணலை உப்புப் போகும்வரை கழுவிக் கொட்டி, அதன் மேல் மக்கிய இலையும் தேங்காய்த் தும்பும் போட்டு, கிழங்கின் கழுத்து வெளியே தெரியும்படி வைத்தேன். விதை என்று நீ தந்ததை அஸீம் பார்க்க ஆசைப்பட்டு, ஃபேனுக்குக் கீழே கதிரையில் இருந்துகொண்டு கடதாசியைப் பிரித்தார். "மாமி, இதுக்குள்ள விதை ஒண்டும் இல்ல, தூசிதான் கிடந்திச்சு, அதுவும் இப்ப இல்ல" என்றார். அந்தத் தூசிதான் விதை என்று நான் சொல்லும்போது அது அவருடைய மீசையிலும் நபீஸாவின் தேத்தண்ணியிலும் இருந்தது. கடதாசி மடிப்பில் ஒட்டியிருந்ததைத் தட்டி, தாய்ச் செடியின் அடியில் தூவி, நீ சொன்னபடி மண்ணைக் கிளறாமல் விட்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து மயிர் போல நாலைந்து இலை எட்டிப் பார்த்தது. என் வீட்டில் ஒரு நாளும் ஒரு துரும்பை எடுத்து அப்பால் போடாத நபீஸா, அன்றைக்கென்று குனிந்து, "மதினி, உங்கட பாத்தியெல்லாம் புல்லு" என்று சொல்லிப் பிடுங்கி ஆட்டுக்குப் போட்டாள். ஆடு தின்றது. அதில் ஆட்டின் பிழை ஒன்றும் இல்லை.

கிழங்கின் கதை வேறு. வெயில் காலம் வந்ததும் இலையெல்லாம் காய்ந்து விழுந்தது. அது சாகவில்லை, நித்திரை கொள்கிறது, தண்ணீர் ஊற்றக் கூடாது என்று நீ சொல்லியிருந்தாய். நானும் எல்லோருக்கும் சொன்னேன். அஸீமுக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. "பாவம் மாமிட பூ" என்று இரக்கப்பட்டு, தான் குளிக்கும்போதெல்லாம் ரெண்டு வாளி அதற்கும் ஊற்றிவிட்டார். பாதிக் கிழங்கு அழுகிக் கூழாகிப் போனது. அந்த மனிசன் என் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இரக்கத்தால் செய்த நாசத்தை ஒரு கொப்பிக்குள் எழுதி முடிக்க ஏலாது.

மிச்சம் இருந்தது மழையோடு எழும்பியது. போன வருஷமும் எழும்பியது, பூக்கவில்லை. இந்த முறை எழும்பினதைப் பார்த்திருந்தால் நீயே வாயைப் பொத்தியிருப்பாய். வரிவரியாய் மடிந்த அகல இலை, நடுவால் ஈர்க்கு மாதிரி ஒரு தண்டு, தண்டு நிறைய மொட்டு. நான் காலையில் ஓதி முடித்ததும் முதலில் போய்ப் பார்ப்பது அதைத்தான். தம்பி, நான் இவ்வளவு காலமும் நட்டதெல்லாம் தின்னுகிற சாமான். மிளகாய், முருங்கை, வாழை, பிறகு பிள்ளைகள். தின்ன ஏலாத, விற்க ஏலாத, ஒருவருக்கும் ஒன்றுக்கும் உதவாத ஒரு பொருள் எனக்கென்று இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது பூப்பதை ஒரு தரம் பார்க்க வேண்டும் என்று இருந்தேன். அவ்வளவுதான் நான் கேட்டது.

இங்கேதான் அரசாங்கம் வந்து சேர்ந்தது. உங்கள் பக்கமும் இதே கதைதானே, அரிசி இல்லை, பாணுக்கு விடியப்புறம் வரிசை, எல்லோரும் வளவில் கிழங்கு நட வேண்டும் என்று சட்டம் மாதிரி ஒரு கதை. அரசாங்கக் கந்தோரில் வேலை செய்கிறவர்கள் முன்மாதிரி காட்ட வேண்டுமாம், வீடு வீடாய் வந்து பார்ப்பார்களாம். அஸீமுக்குக் கந்தோரில் இன்னும் வேலை நிரந்தரமில்லை. அவர் நட்ட மரவள்ளியை அதே ஆடு தின்றுவிட்டது, வத்தாளைக் கிழங்குக் கொடியைத் தன் கையால் தலைகீழாய் நட்டார். ஆக, இரத்தினசிங்கம் வந்த அன்றைக்கு எங்கள் வளவில் பச்சையாய் நின்றது என் பாத்தி ஒன்றுதான்.

"இது என்ன பயிர்?" என்று அவர் கேட்டார்.

அஸீம் என்னைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார். "இது சேர், மலைநாட்டுப் புது இனக் கிழங்கு. மாமி எடுப்பிச்சவ."

"பேர்?"

"குல்சும் கிழங்கு, சேர்."

நான் வாயைத் திறந்தேன். பல்கீஸ் என் கையைப் பிடித்து நெரித்தாள். "உம்மா, சும்மா இரிங்க. அவருக்கு வேலை உறுதியாகப் போகுது." என் பேரை ஒரு கிழங்குக்கு வைத்ததைக் கேட்டுக்கொண்டு நான் சும்மா இருந்தேன். இரத்தினசிங்கம் பாத்திக்குள் இறங்கி ஒரு செடியை மொட்டுத் தண்டோடு இழுத்தார். கீழே கிழங்கு கோர்த்த மாதிரி வந்தது. அவர் முகத்தில் பிள்ளை பிறந்த சந்தோஷம். இன்னும் இரண்டைக் கிண்டினார். "அவிச்சுப் பாப்பம்" என்றார்.

என்னுடைய குசினியில், என்னுடைய சட்டியில், என்னையே அவிக்கச் சொன்னார்கள். நான் அவித்தேன். உப்புப் போடவில்லை, அது ஒன்றுதான் நான் செய்ய முடிந்த எதிர்ப்பு. அவிந்ததைப் பார்த்தால் வெண்டிக்காயை மாவில் குழைத்த மாதிரி ஒரு வழுவழுப்பு. இரத்தினசிங்கம் ஒரு துண்டை வாயில் வைத்தார். வாய் ஒட்டிக்கொண்டது. அவர் கையால் நல்லது என்று சைகை காட்டினார். பெரியவர் காட்டிவிட்டார் என்று அஸீமும் காட்டினார். நான் சமைத்த பிரியாணியைக் கூட "இருக்கு" என்று மட்டும் சொல்கிற நபீஸா, மகனுடைய உத்தியோகத்துக்காக இரண்டாம் முறையும் கேட்டு வாங்கித் தின்று, பல்லுக்குள் விரலை விட்டு எடுத்து எடுத்து, "இப்படி ருசியா நான் தின்டதே இல்ல, சேர்" என்றாள். பல்கீஸ் தின்றது போலக் காட்டி முந்தானையில் முடிந்தாள்.

வேலிக்கு மேலால் வள்ளிநாயகி, "அக்கா, எனக்கும் ஒரு துண்டு தாங்கோவன், எங்கட வீட்டுக் கதவு கீல் கழண்டுபோச்சு, ஒட்டிப் பாப்பம்" என்றாள். சிரிக்க வேண்டிய நேரத்தில் சிரிக்கிற ஒரே ஆள் அந்தத் தெருவிலேயே அவள்தான்.

அன்றோடு முடிந்திருந்தால் நான் உனக்கு எழுதியிருக்க மாட்டேன். மறுநாளிலிருந்து ஓர்ஸ் ஹில் பக்கத்தால் சனம் பையோடு வந்து நடுகைக்குக் கிழங்கு கேட்கிறது. முன்பின் தெரியாத ஒரு மனிசி "குல்சும் கிழங்கு வீடு இதுதானே" என்று என் முகத்துக்கு நேரே கேட்டாள். இனி இரத்தினசிங்கத்துக்கும் அஸீமின் கந்தோருக்கும் மேலே இருக்கிற பெரிய ஐயா அருளம்பலம் 21ஆம் திகதி திங்கட்கிழமை நேரில் வந்து, மிச்சச் செடிகளையும் கிண்டி, நிறுத்து, அவித்து, தின்று பார்க்கப் போகிறாராம். ஒரே ஒரு செடியில்தான் மொட்டு மிச்சம். அது பூ என்று நான் சொன்னால் அஸீம் அதிகாரிக்குப் பொய் சொன்னவராகி வேலையை இழப்பார், இழந்தால் பகல் முழுதும் வீட்டில் இருப்பார், அதை நான் தாங்க மாட்டேன். சொல்லாவிட்டால் என் பூவைத் தின்றுவிடுவார்கள். ஆகையால் கடிதம் கண்டவுடன் பஸ் எடு. படித்தவன், நீ வந்து இது துரைமாருடைய அரிய பூ, இதை அவிப்பது பாவம் என்று இங்கிலீசில் சொல். அஸீம் ஏமாந்துபோனார் என்று ஆகும், பொய்யர் என்று ஆகாது. ஏமாளிக்கு அரசாங்கத்தில் இடம் உண்டு.

மதினிக்கும் பிள்ளைகளுக்கும் என் துஆ. உங்கள் வீட்டுத் தோட்டத்தில் என்ன நட்டாலும் அதை அதன் பேரால் கூப்பிடுகிற மனிதர்களோடு நீங்கள் வாழ வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் ராத்தா
உம்மு குல்சும்

பி.கு.: முத்திரை வாங்கி வருகிறேன் என்று போன அஸீம் முத்திரையை மறந்து வந்ததால் கடிதம் ஒரு கிழமையாய் இங்கேயே கிடந்தது. இனி நீ வர வேண்டாம். இன்றைக்குத் திங்கட்கிழமை, விடிய அது பூத்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பெருவிரல் நகம் அளவு, பச்சையும் மஞ்சளும் கலந்த ஒரு நிறம், நடுவில் சிவப்புக் கீறல். நீ சொன்ன ஊதாவும் இல்லை, உள்ளங்கை அளவும் இல்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு அருளம்பலம் ஐயா, இரத்தினசிங்கம், சட்டியோடு நபீஸா எல்லோரும் பாத்தியைச் சுற்றி நின்றபோது, வேலிக்கு மேலால் வள்ளிநாயகி தலையை நீட்டி, "அக்கா, இதுக்கோ இவ்வளவு காலம் மினக்கெட்டனீங்கள்? இது கன்னியா ரோட்டுப் பத்தைக்குள்ள மாடு மிதிக்கிற பூவெல்லோ" என்றாள். அருளம்பலம் ஐயா குனிந்து பார்த்து, ஓம், அதேதான் என்றார். யுத்த காலத்தில் நேவித் துரைமார் அந்தப் பத்தைகளுக்குள் இதைக் கிண்டிக் கிண்டிப் பெட்டியில் போட்டுக்கொண்டு போனதைத் தானே கண்டவராம். பிறகு இரத்தினசிங்கத்தைப் பார்த்து, "நீர் இதைத் தின்டனீரோ?" என்று கேட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காட்டுப் பூவை அதிகாரிக்கு ஊட்டி, நல்லது என்று சொல்லவும் வைத்த ஆள் நிர்வாகத்துக்குத் தோதானவர் என்று நினைத்தாரோ என்னவோ, அஸீமுக்கு வேலை நிரந்தரம் என்று சொல்லிவிட்டுப் போனார். என் பாத்தியில் இனி ஒருவரும் கை வைக்கப் போவதில்லை, ஒன்றுக்கும் உதவாது என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. ஆகவே அஸீமை மன்னித்தேன், நபீஸாவை மன்னித்தேன், சப்பாத்தோடு இறங்கினவரையும் ஆட்டையும் மன்னித்தேன். ஆனால் உனக்குக் கிழங்கு தந்த துரை யுத்த காலத்தில் திருகோணமலை நேவியில் இருந்தவராம் என்று பெருமையாய்ச் சொன்னவன் நீதானே. என் ஊர் வழியில் கிடந்ததைத் துரை கிண்டிக்கொண்டு போய் உனக்குத் தர, நீ அதைப் பிஸ்கட் தகரத்தில் போட்டு, எனக்குச் சரிவராது என்று சொல்லி எனக்கே திருப்பித் தந்திருக்கிறாய். அந்த ஒரு ஆளை மட்டும் நான் மௌத்தாகும்வரை மன்னிக்கப் போவதில்லை. அவர் பெயர் கலீலுர் றஹ்மான்.