உமி பரப்பிய மைதானம்

ஒரு உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நாய் பழக்குவது பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஏழெட்டு வீடியோக்கள்தான். அதிலும் பாதியை வேகமாக ஓட்டிப் பார்த்தேன்.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்த காலம். ராக்கிக்கு அப்போது பத்து மாதம். பாதி லேப்ரடார், மீதி எங்கள் தெரு. கும்பகோணத்தில் நாய்களுக்குக் கீழ்ப்படிதல் போட்டியும் தடை தாண்டும் போட்டியும் நடக்கப்போவதாகக் கேள்விப்பட்டதும் பெயர் கொடுத்துவிட்டேன். காரணம் இருந்தது. நாய் வாசற்படி தாண்டக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். எனக்கோ ராக்கி என் அறையில் படுக்க வேண்டும்.

"கப்பு வாங்கிட்டு வந்தா உள்ள விடுவியாம்மா?"

"வாங்கிட்டு வா, பார்ப்போம். இல்லேன்னா மாட்டுக்கொட்டாய்தான். அப்புறம் பேசக் கூடாது."

பயிற்சி ஆரம்பமானது. சவுக்குக் கழியில் தடை கட்டினேன். பாலம் கட்டிய மிச்சமாக ரோட்டோரம் கிடந்த சிமெண்ட் குழாய்தான் சுரங்கப்பாதை. ராக்கி அதற்குள் போக மறுத்தான். செய்து காட்டினால் புரியும் என்று நானே தவழ்ந்து போனேன். (கைலியோடு.) மறுமுனையில் தலையை நீட்டினால், நடவுக்குப் போகும் பெண்கள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பிக்கு ஒண்ணுமில்லையே?" என்று ஒரு அக்கா உண்மையான கவலையோடு கேட்டார். ராக்கி மட்டும் நான் 'சிட்' சொன்ன இடத்தில் அசையாமல் உட்கார்ந்து, என்னைப் பெருமையாகப் பார்த்தான். மூன்று வாரம் இப்படியே போனது. கடைசியில் ஒரு கருவாட்டுத் துண்டுக்காக அவனும் குழாய்க்குள் நுழைந்தான். அன்றே கப்பு வைக்க அலமாரியில் இடம் ஒதுக்கிவிட்டேன்.

நான் கவனிக்காத விஷயம் ஒன்று இருந்தது. பத்து மணிக்கு நான் லேப்டாப் முன்னால் உட்கார்ந்ததும் ராக்கி அம்மாவிடம் போய்விடுவான். குறுவை அறுவடை முடிந்து ரோட்டில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஈரம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில், அம்மா நாள் முழுக்கக் குடையோடு காவல். ராக்கி நெல்மேல் கால் வைத்தால் அதட்டல். ஓரமாகவே ஓடி, கோழியையும் ஆட்டையும், செருப்புக் காலோடு நெல்லை மிதிப்பவர்களையும் விரட்டினால் அவித்த முட்டை. ஒரு வீடியோகூடப் பார்க்காமல் அம்மா பள்ளிக்கூடமே நடத்தியிருக்கிறார்.

போட்டிக்கு அம்மாவும் வந்தார். (நான் தோற்பதை நேரில் பார்க்கத்தான்.) முந்தின நாள் மழையில் மைதானம் சேறாகியிருந்ததால், மில்லிலிருந்து உமி கொண்டுவந்து கனமாகப் பரப்பியிருந்தார்கள். வெயிலில் மஞ்சளாக, நெல் வாசனையோடு கிடந்தது. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

எங்கள் முறை வந்தது. நான் புது ஷூவோடு நடு மைதானத்துக்குப் போய் நின்று "கம்!" என்றேன். ராக்கி உமியின் விளிம்பிலேயே நின்றுவிட்டான். பக்கத்தில் நடுவர், ஷூக் காலோடு உமிமேல் நின்று மார்க் அட்டையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். ராக்கி அவருக்குப் பின்பக்கமாகச் சுற்றிப்போய், பேண்டைக் கவ்வி வெளியே இழுத்தான். தடுக்க ஓடிவந்த இரண்டு பேரும் குரைப்பைக் கேட்டு வந்த வழியே ஓடினார்கள். உமிமேல் மிச்சமிருந்த ஒரே குற்றவாளி நான்.

"ராக்கி, ஸ்டே! சிட்! டேய்!"

இந்தப் பக்கம் வந்தால் இந்தப் பக்கம் சுற்றிவந்து குரைத்தான். அந்தப் பக்கம் ஓடினால் அங்கேயும் தயாராக நின்றான். வேறு வழியில்லாமல் இரண்டு தடைகளைத் தாண்டிக் குதித்து, சுரங்கத்துக்குள் புகுந்துகொண்டேன். மைதானமே கைதட்டியது.

அம்மா எழுந்து, "ராக்கி, போதும் வாடா" என்றார், குரலைக்கூட உயர்த்தாமல். ராக்கி ஓரமாகவே ஓடிப்போய் அவர் காலடியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

நடுவர் கிழிந்த பேண்டைப் பிடித்துக்கொண்டு அவரிடம் போனார். "நாய் நல்லா சொல்பேச்சு கேக்குதும்மா. நீங்கதான் பழக்குனீங்களா?"

"ஆமாங்க" என்றார் அம்மா, சுரங்கத்தின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

எங்களைப் போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அழாத குறையாக ராக்கியை மாட்டுக்கொட்டாய்க்கு அழைத்துப்போனேன்.

"அவன எங்கடா இழுத்துட்டுப் போற? நாளெல்லாம் எங்கூட வேலை பாக்குறவன். உள்ள வரட்டும்."

ராக்கி வாசற்படியைத் தாண்டினான். நேராக அம்மாவின் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். எனக்குச் சந்தோஷமும் பொறாமையும் சேர்ந்தே வந்தன.

இப்போதெல்லாம் அறுவடை சமயத்தில் சொந்தக்காரர்கள் ராக்கியைக் கேட்டு போன் செய்கிறார்கள். போன தடவை சித்தப்பாவிடம், "நானும் கூட வரட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம்ப்பா" என்றார் சித்தப்பா. "நீ வந்தா உன்னைய வெரட்டவே அவனுக்கு நேரம் சரியாப் போயிடும். அப்புறம் நெல்லுல வாய் வைக்கிற ஆட்ட யாரு வெரட்டுறது?"