மர்மகோவா என்றதும் வந்த சாமி

எதையும் ராகம் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். பட்டவள் சொல்கிறேன்.

அப்போது அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். நாட்டின் பெரிய துறைமுகங்கள், அவை கையாளும் சரக்குகள் என்றொரு பட்டியல். மண்டையில் ஏறவே இல்லை. ஆடியில் கூழ் ஊற்றும்போது பாடும் அம்மன் பாட்டு மெட்டில் போட்டுப் பார்த்தேன், ஏறிவிட்டது. உத்திரமேரூர் ஏரிக்கரையில் உட்கார்ந்து முணுமுணுத்தால் கண் தானாகச் செருகும். நடவு முடிந்த வயல்மேல் கப்பல்கள் சத்தமில்லாமல் மிதந்து வரும். (கடலையே பார்க்காதவளுக்குக் கப்பலுக்கு மட்டும் பஞ்சமில்லை.)

அந்த நேரத்தில்தான் எண்ணூரிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலில் அடுக்கிய பெட்டிகள் சரியாதபடி இரும்புக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுவார். போட்டோவிலேயே எனக்குப் பிடித்துவிட்டது. இந்த இடம் தட்டிப்போகக் கூடாதே என்று மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

பெண் பார்க்க வந்தார்கள். காபி கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். அவர் சட்டையில் லேசாக டீசல் வாசனை. அவ்வளவுதான், நான் அங்கே இல்லை.

"பொண்ணு பாடுமா?" என்றார் அவருடைய அம்மா.

வாயைத் திறந்தேன். "பாரதீப்பிலே நிலக்கரியாம், காண்ட்லாவிலே கச்சா எண்ணெயாம்..."

மெட்டைக் கேட்டதும் பெரியவர்கள் எழுந்து கைகூப்பினார்கள். சொல்லை யார் கவனித்தார்கள்? நானும் கண்ணை மூடி நடுக்கடலில் இருந்தேன். "மர்மகோவாவிலே இரும்புத்தாதாம்" என்று இழுத்தேன் பாருங்கள், என் அத்தைக்குச் சாமி வந்துவிட்டது! தலைமுடியை அவிழ்த்துப் போட்டு ஆடினாள்.

"தாயே, இன்னா கொற வெச்சோம்? சொல்லு தாயே!" என்று என் நைனா கற்பூரத்துக்கு ஓடினார். டம்ளர்கள் உருண்டன. அத்தை ஆடிக்கொண்டே போய் மாப்பிள்ளையின் அம்மா மடியில் விழுந்தாள்.

தண்ணீர் தெளித்து அத்தையை அடக்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா புடவையைப் பிழிந்துகொண்டே கேட்டார்: "மர்மகோவா எந்த ஊரு அம்மன்?"

"அம்மன் இல்லீங்க. துறைமுகம்."

என் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எல்லாம் போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது.

மாப்பிள்ளை முதல்முறையாக வாய் திறந்தார். "எண்ணூர வுட்டுட்டீங்களே. அங்க நெலக்கரி வருது, காரு கூட ஏத்துறோம்." பிறகு தன் அம்மாவிடம் திரும்பினார். "யம்மா, நான் இன்னா வேல செய்றேன்னு எத்தினி வருசமா சொல்லிக்கினு கீறேன். நீ இன்னும் மூட்ட தூக்கறான்னு சொல்லிக்கினு கீற. இந்தப் பொண்ணுக்குக் கப்பலுன்னா இன்னான்னு தெரிது. எனக்கு இதான் வோணும்."

அந்த நிமிடம் அவர்மேல் வந்த பிரியம் இன்றுவரை குறையவில்லை.

தேர்வில் நான் தேறவில்லை, கல்யாணம் நடந்தது. துறைமுகம்தான் என்று மகன் எத்தனை முறை சொல்லியும் என் மாமியார் கேட்பதாக இல்லை. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால், "மர்மகோவா தாயே, காப்பாத்து" என்று திருநீறு பூசிவிடுகிறார். காய்ச்சலும் விட்டுவிடுகிறது.