வலம் வரும் குதிரைக்கு லாரி அனுப்புவது பற்றி

அன்புள்ள தம்பி மகன் சுகுமாருக்கு, உத்திரமேரூர் பக்கத்திலிருந்து அத்தை தேவகி பெருமாளை வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நானும் மாமாவும் கறவை மாடும் அவன் புண்ணியத்தில் சௌக்கியம். நீ விட்டுவிட்டுப் போன குதிரையும் சௌக்கியம், தொல்லையே அதுதான். வெள்ளிக்கிழமைக்குள் லாரி அனுப்பி அதை அழைத்துக்கொண்டு போகவும். போனில் சொல்லலாம் என்றால் என் போனை உன் குதிரை மிதித்துவிட்டது. மாமாவின் பட்டன் போனில் பேசினால் நீ பாதியிலேயே வைத்துவிடுவாய்.

"சென்னை, பெங்களூரு, ஊட்டினு போன எடத்துல எல்லாம் கப்பு வாங்கின குதிரை அத்தை, கால் நரம்பு பிசகிடுச்சு, மொதலாளி வாணாங்கறாரு, கொஞ்ச நாள் வெச்சிக்கோ"ன்னு நீ வேலை பாக்கற ரேஸ் லாயத்துலேந்து கூட்டினு வந்தப்ப நான் எதுனா சொன்னேனா? கொள்ளு வேக வெச்சுப் போட்டேன், காலுக்கு எண்ணெய் தடவினேன். சும்மா சொல்லக் கூடாது, சாதுவாதான் இருந்துச்சு. கால் தேறினதும் காலைல அவுத்து வுட்டா நேரா நம்ம பெருமாள் கோயிலுக்குப் போவுது, மதிலை ஒட்டினாப்ல வலமா ஒரு சுத்து சுத்துது, திரும்பி வந்து தொட்டில தண்ணி குடிக்குது. ஒரு நாள்கூட இடப்பக்கமா சுத்தினது கெடையாது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. உங்க மாமா, "ரேஸ்ல அந்தப் பக்கமாதான் ஓட வுடுவாங்க, அது பழக்கம்டி, பக்தி இல்ல"ன்னாரு. அவரு அந்தக் கோயிலை எந்தப் பக்கமும் சுத்தினது இல்ல, அவராண்ட இன்னா பேசறது.

அப்பேர்ப்பட்ட குதிரையாச்சேன்னு நெத்தில நாமம் போட்டு, எம்பொண்ணு இளவரசி கல்யாணத்துக்கு மாப்ள அழைப்பு அது மேலயே வெச்சிக்கலாம்னு நான்தான் சொன்னேன். மாப்ள தினகரன் கொஞ்சம் பூசினாப்ல இருப்பாரு. ஏறும்போதே, "அத்தை, கார் எதுனா கீதா?"ன்னு கேட்டாரு. "சாமி குதிரை மாப்ள, பயப்படாதீங்க"ன்னேன். பேண்டு செட்டு ஓரமா வாசிச்சிக்கினு வருது, குதிரை முன்னாடி அன்னநடை போடுது, கோயில் மொனை திரும்பும்போது மாப்ளயோட தோஸ்துங்க பைக்குல வந்து அதை முந்திக்கினு போனானுங்க. அவ்ளோதான், காதைப் பின்னாடி மடக்குச்சு பாரு. முன்னாடி ஒருத்தன் போறதை அதால தாங்க முடியாதுன்னு நீ அன்னிக்கே சொல்லி இருக்கலாம். பேண்டுக்காரங்க வாய்க்கால்ல எறங்கிட்டாங்க. மாப்ள கழுத்தைக் கட்டிக்கினு "அத்தை, அத்தை"ன்னு என்னையே கூப்பிடறாரு. பைக்குப் பசங்க தோத்துப்போயி ஓரமா நின்னுட்டானுங்க, இது நிக்கல. கோயிலை மூணு சுத்து. தலைப்பா, மாலை, செருப்புன்னு ஒவ்வொரு சுத்துக்கும் மாப்ள மேல எதுனா ஒண்ணு கொறஞ்சிக்கினே வருது. கடைசீல எனக்கு இன்னா தோணுச்சோ, இந்தக் கோலத்தை ஒரு போட்டோ எடுப்போம்னு போனைத் தூக்கினேன். தூக்கினதும் நேரா என் எதிர்ல வந்து நின்னு, கழுத்தை வளைச்சு, அப்படியே அசையாம நிக்குது. ஜெயிச்சா போட்டோ எடுப்பாங்களாமே, அந்த நெனப்பு. நான் பின்னாடி நவுந்ததுல போன் கீழ வுழுந்துச்சு, குதிரை அது மேலயே கால வெச்சிடுச்சு.

சம்பந்தியம்மா ஆதிலட்சுமி, "எம்புள்ளைய இன்னா பண்ணப் பாத்தீங்க? கல்யாணமும் வாணாம், ஒண்ணும் வாணாம்"னு பொட்டி கட்டினாங்க. நல்ல வேளை, கோயில்ல மணி அடிக்கிற வேதகிரி குறுக்க வந்து, "ஏம்மா, உம்புள்ளைக்கு வேண்டுதல் எதுனா பாக்கி கீதா?"ன்னாரு. அந்தம்மா கட்டின பொட்டியைக் கீழ வெச்சிட்டாங்க. கல்யாணம் கூடி வந்தா புள்ள மூணு தரம் கோயிலைச் சுத்தி உருண்டு வருவான்னு வேண்டிக்கினு, மாப்ள ஒடம்பைப் பாத்து தள்ளிப் போட்டுக்கினே இருந்தாங்களாம். "உருள வேண்டியவன் உக்காந்து வந்துட்டான், பெருமாள் ஏத்துக்குவாரு போ"ன்னாரு வேதகிரி. தாலி ஏறிச்சு. ஆனா, "அந்தக் குதிரை கீற வூட்டுக்கு எம்புள்ள மறுவூட்டுக்கு வரமாட்டான்"னுட்டாங்க. பொண்ணு புள்ளலூர்ல மாமியார் வூட்டுல மொகத்தைத் தூக்கி வெச்சிக்கினு கீதாம். மறுவூட்டுக்கே வரலைன்னா ஊர்ல எத்தினி பேரு வாய நான் மூடறது? எனக்கு அது மேல ஆசை இல்லாம இல்ல நைனா, ஆனா பொண்ணா குதிரையான்னா நான் இன்னா பண்ணுவேன். லாரி அனுப்பு.

வேளைக்குச் சாப்பிடு. பெருமாள் உன் கூடவே இருந்து காப்பாத்தட்டும்.

இப்படிக்கு,
அத்தை தேவகி

பின்குறிப்பு: லாரி அனுப்பாத. கவரை ஒட்டப் போறேன், மாப்ள பொண்ணை பைக்குல ஏத்திக்கினு சம்பந்தியம்மாவுக்குத் தெரியாம வந்து நிக்கறாரு. காபிகூட குடிக்காம நேரா குதிரைக் கொட்டாய்க்குப் போயி, "பொறந்ததுலேந்து நான் எதுலயும் மொதல்ல வந்தது இல்ல அத்தை, அன்னிக்குதான் வந்தேன். இன்னொரு தரம் ஏறட்டுமா?"ன்னாரு. ஏறிட்டாரு. முந்திக்கினு போக ஆள் வேணுமே, பைக்கை இளவரசி எடுத்துக்கினா. சிரிச்சிக்கினே போறா. கோயிலைச் சுத்திக்கினேதான் கீறாங்க. மாமாவோட பட்டன் போனைத் தூக்கித் தூக்கிக் காட்டறேன், அதுக்கெல்லாம் நிக்க மாட்டேங்குது. நல்ல போனா ஒண்ணு வாங்கினு சீக்கிரம் வா.