முள்ளெலிச் செய்திக்கு ஒரு திருத்தம்

ஸ்ட்ராண்ட்பூ கிராமம்,
14 ஜூலை 1998

'தீவுக்குரல்' வாரப் பத்திரிகையின் மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடற்கரைத் தெருவின் கடைசி வீட்டிலிருந்து டாக்னி ரவ்ன் மரியாதையோடு எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் மனைவியும் தங்கள் அச்சு இயந்திரமும் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இங்கே நாங்கள் நலம். உருளைக்கிழங்கு இந்த வருடம் நன்றாக வந்திருக்கிறது, ஸ்ட்ராபெரியில் மட்டும் பாதியைப் பறவைகள் தின்றுவிட்டன. நான் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் போனவள். அதற்குப் பிறகு பிறத்தியார் பண்ணையில் பசு மாடுகளோடுதான் என் படிப்பு. ஆனாலும் தங்கள் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவிப்பு வரை ஒரு வரி விடாமல் படிக்கிறவள். ஆகவே அதில் பிழை இருந்தால் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

ஜூன் கடைசி இதழில், மூன்றாம் பக்கத்தில், என் படத்தைப் போட்டு 'முள்ளெலிக் குடும்பத்தைக் காப்பாற்றிய மூதாட்டி' என்று எழுதியிருந்தீர்கள். தாய் ஒன்று, குட்டி நான்கு என்று விவரமும் கொடுத்திருந்தீர்கள். படம் நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த அரைப் பக்கத்தில் என் பேத்தி கித்தேயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அவளுடைய காரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்று நடந்தது முழுவதும் அந்தக் காரால் நடந்தது. ஒரு முள்ளெலிக்கு இடம் இருக்கும்போது என் பேத்திக்கு இடம் இல்லையா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்த பிறகு, முழுவதையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

கித்தே என் மகன் வயிற்றுப் பேத்தி, முப்பத்து மூன்று வயது, படகுத் தச்சர். முறையாகப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியவள். இந்தத் தீவில் அப்படி ஒரு பெண் அவள்தான், ஆண்களிலும் அவளைப்போல் வேலை சுத்தமானவன் கிடையாது. அவள் போன இலையுதிர் காலத்தில் இங்கிலாந்து போய் ஒரு கார் வாங்கி வந்தாள். ஆல்டர்லி என்று பெயர், 1937-ல் செய்தது. மொத்தமே பதினொரு கார் செய்துவிட்டு அந்தத் தொழிற்சாலை மூடிக்கொண்டதாம். இப்போது மிச்சம் மூன்று. ஒன்று அங்கே ஏதோ அருங்காட்சியகத்தில் கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள், விரல் நுனி படக்கூடாது. இன்னொன்று ஆஸ்திரேலியாவில் ஒரு மனிதரிடம் இருக்கிறது, கித்தே நான்கு கடிதம் போட்டும் அவர் பதில் போடவில்லை. மூன்றாவது என் மாட்டுக் கொட்டகையில் இருக்கிறது. அதை விற்ற பார்ஜிட்டர் என்ற கிழவர் முப்பது வருடமாக அதில் கோழி அடைத்து வைத்திருந்தார். "காரை எடுத்துக்கிட்டுப் போம்மா, கோழியை மட்டும் இறக்கி விட்டுட்டுப் போ" என்றாராம். ஹார்விச்சில் கப்பலேற்றி நம் நாட்டு எஸ்பியர் துறைமுகத்தில் இறக்கியபோது, சுங்க அதிகாரி பின்சீட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்துக் காட்டி, இதை ஏன் படிவத்தில் எழுதவில்லை என்று கேட்டாராம். என்ன விலை என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். நானே கேட்கவில்லை.

அந்தக் காலத்துக் கார் என்றால் வெளியேதான் தகரம், உள்ளே எலும்பெல்லாம் மரம். ஆஷ் என்ற வலுவான மரம். கித்தே குளிர்காலம் முழுவதும் தகரத்தைக் கழற்றி, உள்ளே புழுத்துப்போன பதினான்கு கட்டைகளையும் உடையாமல் பிரித்தெடுத்துக் கொட்டகைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். "இதைப் பாத்துத்தான் பாட்டி புதுசு செதுக்கணும். இதுக்கு வரைபடம் உலகத்துல எங்கயும் கிடையாது. இது போச்சுன்னா காரு போச்சு" என்று என்னிடம் சொன்னாள். சொன்னாள் என்பதை நான் மறுக்கவில்லை. நான் அப்போது வானொலியில் வானிலை கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூன் இருபதாம் தேதி அவள் புது ஆஷ் பலகை வாங்கக் கடல் தாண்டி யூட்லாந்துக்குப் போனாள். இருபத்து மூன்றாம் தேதி, ஊரே கடற்கரையில் கூடி விறகுக் குவியலைக் கொளுத்துகிற கோடை நெருப்பு அன்று, சாயங்காலம் ஐந்தரைப் படகில் வந்து இறங்கினாள். வேன் நிறையப் பலகை, முகம் நிறையச் சிரிப்பு. நேரே கொட்டகைக்குப் போனவள் திரும்பி வந்து சமையலறை வாசலில் நின்றாள்.

"பாட்டி, சுவரோரம் இருந்த கட்டையெல்லாம் எங்க?"

"நேத்து பிரெபன் டிராக்டர் கொண்டு வந்தான்" என்றேன்.

பிரெபன் என்பவன் பக்கத்துப் பன்றிப் பண்ணைக்காரன், நாற்பது வயது, தனியாள். வருடா வருடம் வீடு வீடாகப் போய்ப் பழைய விறகைச் சேகரித்துக் கடற்கரைக் குவியலில் கொண்டு கொட்டுவது அவன்தான்.

"பதினாலுமா?"

"எண்ணலம்மா."

அவள் கத்தியிருந்தால் எனக்குத் தேவலாம்போல இருந்திருக்கும். கத்தவில்லை. முகம் மாவு மாதிரி வெளுத்துவிட்டது. வேனைக்கூட எடுக்காமல் அப்படியே ஓடினாள். நான் கைத்தடியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன், எழுபத்தாறு வயதில் எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு.

கடற்கரையில் ஊரே நின்றது. ஈஸ்டரிலிருந்து சேர்ந்த குவியல், இரண்டு ஆள் உயரம்: வேலிக்கிளை, உடைந்த படகு, போன வருடத்துக் கிறிஸ்துமஸ் மரம் எல்லாம் அடைத்துக்கொண்டு, உச்சியில், வழக்கம்போல் எரிப்பதற்கென்று பள்ளிப் பிள்ளைகள் செய்த துணிச் சூனியக்காரி பொம்மை. பிள்ளைகள் குச்சியில் ரொட்டி மாவைச் சுற்றி வைத்துக்கொண்டு தணலுக்குக் காத்திருந்தார்கள். கித்தே இரண்டு மணி நேரம் அந்தக் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்து கைக்கு எட்டியதையெல்லாம் இழுத்துப் பார்த்தாள். அடியில் இறுகிப் போயிருந்தது, ஒன்றும் அசையவில்லை. எட்டேகாலுக்கு ஊர்ச் சங்கத் தலைவர் வில்லும்சன் வந்தார், கையில் நான்கு பக்க உரை.

"தலைவரே, ஒரு மணி நேரம் குடுங்க. உள்ள என் காரு இருக்கு."

"காரா? காரை யாரும்மா விறகுல போட்டது?"

"காரோட எலும்பு. மரம். அது இல்லன்னா அந்தக் காரே கிடையாது."

"போன வருஷம் ஒருத்தர் இப்படித்தான் மாமியார் நாற்காலியத் தேடினாரு. அதுக்கு முந்தின வருஷம் ஒருத்தருக்கு ஏணி. முந்நூறு பேரு நிக்கிறாங்க. பேண்டுக்காரங்களுக்கு ஒம்பது நாப்பதுக்குப் படகு."

"நாற்காலி இல்லீங்க இது..."

"மரம்னா எரியத்தான் செய்யும், கித்தே. இன்னிக்கு அதுக்குத்தானே நாளு."

பிரெபன் மண்ணெண்ணெய் டின்னோடு அடியில் ஊற்றிக்கொண்டே வந்தான். கித்தே அவன் கையைப் பிடித்தாள். "பிரெபன், நிறுத்து!" அவன் தலைவரைப் பார்த்தான், தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். உரை தொடங்கியது. வில்லும்சன் பேச்சு நீளம் என்று இருபது வருடமாகக் குறை சொல்லி வந்தவள் நான். அன்றைக்கு மட்டும், கடவுளே, இந்த மனிதர் விடிய விடியப் பேசட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அன்றைக்குப் பார்த்து காற்றில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு, இரண்டாம் பக்கத்திலிருந்து நேரே நான்காம் பக்கத்துக்குப் போய் முடித்துவிட்டார். கைதட்டினார்கள். பாட்டு தொடங்கியது. பந்தம் பற்ற வைத்தாயிற்று. கித்தே அந்த மனிதரின் கோட்டைப் பிடித்துக்கொண்டு "ப்ளீஸ்" என்றாள். என் பேத்தியை முப்பத்து மூன்று வருடமாகப் பார்க்கிறேன், அவள் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. வில்லும்சன் கோட்டை மெதுவாக விடுவித்துக்கொண்டார். பந்தம் குவியலுக்கு ஒரு முழம் இருக்கும்.

"நில்லுங்க! உள்ள முள்ளெலி இருக்கு!"

யார் கத்தியது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். நான்தான்.

பாட்டு பாதியில் நின்றது, டிராம்போன்காரர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் ஒரு அடி வாசித்தார்.

"எங்க, டாக்னி?" என்றார் வில்லும்சன்.

"அடியில. இந்தப் பக்கம்." பிரெபன் முந்தின நாள் கடைசி வண்டியைக் கொட்டிய பக்கத்தைக் காட்டினேன்.

"நிச்சயமாவா?"

"என் ரெண்டு கண்ணால."

ஒரு சின்னப் பெண் அழத் தொடங்கினாள். அவ்வளவுதான். ஒரு காருக்காக நிற்காத நெருப்பு நின்றுவிட்டது. முள்ளெலி இருக்கிற குவியலுக்கு நெருப்பு வைத்த தலைவருக்கு நம் தீவில் அடுத்த வருடம் யார் ஓட்டுப் போடுவார்கள்? பந்தத்தை மணலில் குத்தி அணைத்தார். முந்நூறு பேரும் கையுறையோடும் வெறுங்கையோடும் ஒவ்வொரு குச்சியாக, கண்ணாடிப் பாத்திரத்தை எடுப்பதுபோல் எடுத்து வைத்தார்கள், முள்ளெலி பயந்துவிடும் என்று ரகசியக் குரலில் பேசிக்கொண்டார்கள். நடுவில் கித்தே முழங்காலில் உட்கார்ந்து தன் கட்டைகளைப் பொறுக்கினாள். ஒன்று, நான்கு, ஒன்பது. எனக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு மூச்சு திரும்பி வந்தது. பதின்மூன்று. அதோடு நின்றுவிட்டது.

குவியல் முழுவதும் இடம் மாறி மணல் தெரிந்தது. பதினான்காவது கட்டை இல்லை. இடது கதவு தொங்குகிற தூண் அதுதானாம், வளைந்த கட்டை, மற்றதெல்லாம் அதிலிருந்துதான் அளவெடுக்க வேண்டுமாம். முள்ளெலியும் இல்லை. வில்லும்சன் என்னைப் பார்த்த பார்வையில் நான் கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"நான் பாத்தேன்! அங்க ஓடுச்சு!" என்றது ஒரு வாண்டு.

"குட்டியும் இருந்துச்சு!" என்றது இன்னொன்று.

"நாலு குட்டி!"

தங்கள் நிருபர் எழுதிக்கொண்ட கணக்கு இதுதான். நான் மறுக்கவில்லை.

அப்போது பிரெபன் மணலில் கிடத்தியிருந்த சூனியக்காரியையே பார்த்துக்கொண்டு நின்றான். "கித்தே," என்றான், "அவளோட கூன் முதுகு..." பிள்ளைகள் செய்த பொம்மையை உச்சியில் நிற்க வைத்துக் கட்டினவன் அவன்தான். வளைவு பொருத்தமாக இருக்கிறதே என்று கையில் கிடைத்த கட்டையில் கட்டியிருக்கிறான். கித்தே பொம்மையின் பாவாடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆனால் பிள்ளைகள் விடவில்லை. "எங்க சூனியக்காரிய எடுக்கக் கூடாது! முதுகெலும்பு இல்லாம எப்பிடி நிப்பா?" ஒன்றும் செய்ய முடியாமல் என் கைத்தடியைக் கொடுத்தேன். ஒன்பது இருபதுக்கு நெருப்பு எரிந்தது. இந்த வருடத்துச் சூனியக்காரி நிமிர்ந்த முதுகோடு போய்ச் சேர்ந்தாள், பேண்டுக்காரர்கள் இரண்டு பாட்டு வாசித்துவிட்டு டிரம்மைத் தூக்கிக்கொண்டு படகுக்கு ஓடினார்கள்.

இதோடு முடிந்திருந்தால் நான் கித்தே பெயரை மட்டும் போடச் சொல்லியிருப்பேன். முடியவில்லை. வேனைக் கொண்டு வந்து கட்டைகளை ஏற்றிவிட்டு கித்தே பிரெபனிடம் போனாள்.

"உனக்குக் கண்ணு எங்க இருக்கு? ஒரு வீட்டுக்குள்ள வந்து கேக்காம கொள்ளாம எடுத்துட்டுப் போவியா? பன்றிக்குக்கூட உன்னவிட அறிவு இருக்கும்!"

பிரெபன் என்னைப் பார்த்தான். நான் கடலைப் பார்த்தேன்.

ஆசிரியர் அவர்களே, அந்தக் கட்டைகள் டிராக்டரில் தாமாக ஏறவில்லை. புதுப் பலகை வரப்போகிறதே, புழுத்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது, இடம் சுத்தமாகட்டும் என்று நான்தான் ஒவ்வொன்றாக எடுத்து அவன் கையில் கொடுத்தேன். "இதெல்லாம் வேணாமா, பெரியம்மா? நல்லா செதுக்கின மாதிரி இருக்கே?" என்று அவன் கேட்கவும் கேட்டான். "குப்பைடா, கொண்டு போ" என்றேன். அதெல்லாம் தெரிந்தவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஆமா கித்தே, என் தப்புதான்" என்றான்.

கித்தே தண்டனை விதித்தாள். தினமும் பன்றிக்குத் தீனி வைத்த பிறகு கொட்டகைக்கு வந்து, அவள் பசை போடும்போது கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மூன்று வாரமாக வருகிறான். அவள் முட்டாள் என்கிறாள், அவன் சரி என்கிறான். நான் காப்பி கொண்டு போனால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறான், வேறு ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் அவன் முகத்தைப் பார்க்காமல் தட்டை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறேன். இதற்கிடையில் விலங்கு நேசர்கள் சங்கத்திலிருந்து எனக்குச் சான்றிதழ் வந்திருக்கிறது, பேக்கரியில் முள்ளெலி கேக் போட்டு எனக்கு மட்டும் இலவசம் என்கிறார்கள். இரண்டு சாப்பிட்டேன், மூன்றாவது இறங்கவில்லை. கித்தே முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று தினமும் போகிறேன். அவள் திரும்பிப் பார்த்து, "நீங்க மட்டும் அன்னிக்கு கத்தலன்னா, பாட்டி..." என்கிறாள். அதற்குப் பிறகு வாய் வருவதில்லை. வாய் சொல்லாததைப் பத்திரிகை சொல்லட்டும்.

ஆகவே அடுத்த இதழில், அதே மூன்றாம் பக்கத்தில், முள்ளெலி எதுவும் இல்லை என்றும், கட்டையைக் கொடுத்தது டாக்னி ரவ்ன் என்றும், பிரெபன் மேல் குற்றமே இல்லை என்றும், உலகத்தில் மூன்றே மூன்று இருக்கிற காரில் ஒன்றைக் கித்தே ரவ்ன் என்ற பெண் நம் தீவில் கட்டிக்கொண்டிருக்கிறாள் என்றும் போட வேண்டும். கடைசியில் சொன்னதைப் பெரிய எழுத்தில் போட்டால் நல்லது.

தங்கள் பேனாவில் மை குறையாமலும், சந்தாதாரர்கள் கூடிக்கொண்டும், தங்கள் வீட்டில் எல்லோரும் குளிருக்கு முன்பு விறகு அடுக்கி முடித்தும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டாக்னி ரவ்ன்

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரத்தில் பிரெபன் வந்தான். கித்தே பசை வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். நல்ல சேதி என்று நினைத்து அவனை உட்கார வைத்து முழுக் கடிதத்தையும் படித்துக் காட்டினேன். அவன் தொப்பியைக் கழற்றினான், போட்டான், மறுபடி கழற்றினான். "பெரியம்மா, இத அனுப்பாதீங்க" என்றான். "ஏண்டா, உன் பேரைக் காப்பாத்தத்தானே எழுதினேன்?" "பேரு கிடக்கட்டும். இது தெரிஞ்சா, நாளையிலேர்ந்து நீ வர வேணாம்னு சொல்லிடுவா." அவன் காது இரண்டும் பீட்ரூட் மாதிரி சிவந்துவிட்டன. நேற்று அவள் பாதி ரொட்டியை அவனுக்குக் கொடுத்தாளாம், ஒரு தடவைகூட முட்டாள் என்று சொல்லவில்லையாம். எனக்கு இது இத்தனை நாள் எப்படித் தெரியாமல் போனது என்று தெரியவில்லை. ஆகவே மேலே எழுதியதில் ஒரு வரிகூட அச்சிட வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். முள்ளெலி இருந்தது. தாயும் நான்கு குட்டிகளும், நானே எண்ணினேன். காரைப் பற்றி மட்டும் எழுதுங்கள். எப்போது முடியும் என்று நிருபர் வந்து கேட்டால் கித்தே செப்டம்பர் என்பாள், பிரெபன் கிறிஸ்துமஸ் என்பான். கிறிஸ்துமஸ் என்றே போடுங்கள்.