ஏழு இடது கால்

ஆம்பூரில் உட்கார்ந்த நிலையில் யாருமே பார்த்திராத ஒரே மனிதர் சாம்பிள் பாய்தான். டீயைக்கூட நடந்துகொண்டே குடிப்பார். கிளாஸ் திரும்பி வரும் என்பது டீ மாஸ்டரின் நம்பிக்கை மட்டுமே.

ஷூ கம்பெனியில் சாம்பிள் பிரிவில் வேலை பார்த்தவர். வெளிநாட்டுக்கு மாதிரி அனுப்பும்போது வலது கால் மட்டும் போகும். இடது கால் இங்கே அலமாரியில் கிடக்கும். உலகமே கொண்டாடும் ஏழு கொரியப் பையன்களின் பாட்டுக் குழுவுக்கும் அப்படித்தான் ஒருமுறை மாதிரி போனதாம். அலமாரியைக் காலி செய்தபோது அந்த ஏழு இடது காலையும் பாய் கேட்டு வாங்கிக்கொண்டார். வாடகைக் கிடங்கில் அருங்காட்சியகம் வைத்தார்.

ஏழு மேடை, மேடைக்கு ஒரு ஷூ. காலை நுழைத்து மிதித்தால் ஒரு பையனின் குரல் வரும். ஏழு பேர் சேர்ந்து மிதித்தால்தான் பாட்டு முழுசாகும். வாசலில் பலகை: ‘தொடாமல் போகாதீர்கள்.’ ஞாயிற்றுக்கிழமை கம்பெனிப் பெண்கள் வரிசையில் நின்றார்கள்.

உரிமம் இல்லை, ஒரு வாரத்தில் சீல் என்று நகராட்சி நோட்டீஸ் வந்தது. அங்கே உரிமப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் பாய் என்னிடம் ஓடி வந்தார்.

“செருப்புக் கடைன்னு போட்டுடலாம் பாய். ஒரே நாள்ல கெடைக்கும்.”

“கடைன்னா ஜோடியா விக்கணும் சார். எங்கிட்ட எல்லாம் எடது காலு.”

“வலது காலுங்க எங்க?”

“கொரியாவுல ஆடிக்கினு இருக்குது சார்.”

பொழுதுபோக்கு அரங்கு என்றால் இரண்டு கதவு வேண்டும், கிடங்குக்கு ஒன்றுதான். நான் விதிகளைப் புரட்ட, அவர் என் வீட்டுக் கூடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். “அவரை வெளிய நடக்கச் சொல்லுங்க, தல சுத்துது” என்றாள் என் மனைவி. கடைசியில் ‘நடனப் பயிற்சிக் கூடம்’ அகப்பட்டது. ஒரு கதவு போதும்.

“ஆடக் கத்துக்கிறாங்க. அது நெசந்தானே சார்” என்று பாய் சம்மதித்தார்.

ஆய்வுக்கு அதிகாரி அம்மாள் வந்ததோ வேலை நாளில். “பயிற்சிக் கூடம்னீங்க, ஒருத்தரையும் காணோமே?”

“தோ, வந்துட்டாங்க மேடம்!” பாய் தெருவுக்குப் பாய்ந்தார். பக்கத்தில் தோல் இறக்கிய மூவர், அதிகாரியின் ஜீப் டிரைவர், பாயின் மனைவி, டீ மாஸ்டர் என்று எல்லோரையும் இழுத்து வந்தார்.

“பேஜார் பண்ணாதீங்க பாய், பால் பொங்குது!”

“பொங்கட்டும், ஏறு!” ஆறு மேடை நிரம்பியது. பாய் என்னைப் பார்த்தார். “சார், ஒரு காலு கம்மி.”

அதுவரை மேசைக்கு அடியில் மட்டுமே காலை நீட்டியவன் நான். ஏறினேன். மிதித்தேன். பாட்டு முழுசாக வந்தது. அது முடியும்வரை பாய் தரையில் உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி பேனாவை எடுத்தார். “பயிற்சியாளர் பேர் காலியா இருக்குதே?”

என் வாழ்நாளில் நான் நிரப்ப மறந்த ஒரே கட்டம். பாய் என்னைக் கை காட்டிவிட்டார்.

உரிமம் வந்துவிட்டது. விதிப்படி இப்போது பயிற்சியாளராக ஞாயிறுதோறும் நான் அங்கே இருந்தாக வேண்டும். என் கால் எட்டு, ஷூ ஏழு. கடிக்கிறது. கழற்றத்தான் மனம் வரவில்லை.