நான்தான் நான் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்

திருவனந்தபுரம்,
கொல்லம் 1106 மாசி.

கர்த்தருக்குள் பிரியமான அத்தான் யோவான் அவர்கள் சமுகத்துக்கு, மைத்துனன் ஜஸ்டஸ் தாழ்மையுடன் எழுதிக்கொண்டது. அங்கே தாங்களும் ராகேல் அக்காளும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறேன். இங்கே நான் சரீர சுகத்தோடு இருக்கிறேன். சரீரம் தவிர மற்றபடி நான் இருக்கிறேனா என்பதுதான் இப்போது கல்லூரியில் எழுந்திருக்கும் கேள்வி.

மார்த்தாண்டத்தில் என்னை பஸ் ஏற்றிவிட்டபோது, "சட்டப் படிப்பு சும்மா இல்ல மக்கா, ஒரு வகுப்பையும் விட்டிராத கேட்டியா" என்று தாங்கள் சொன்ன புத்தியை நான் மறக்கவில்லை. ஆனால் இங்கே உள்ள பாரத்தைத் தாங்கள் அறியமாட்டீர்கள். வகுப்பில் கேட்டதைப்போல மூன்று மடங்கு நேரம் அறையில் படிக்க வேண்டும் என்று ஒவ்வொரு வாத்தியாரும் சொல்லுகிறார். ஒவ்வொருவரும் தம்முடைய பாடம் ஒன்றுதான் உலகத்தில் இருப்பதாக நினைத்துச் சொல்லுகிறார். காண்ட்ராக்ட், டார்ட்ஸ், ரோமன் லா, ஜூரிஸ்புரூடன்ஸ் என்று நாலு பாடத்தையும் கூட்டிப் பார்த்தேன். இடையில் சோறு தின்ன வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த பிறகுதான் முடியும். இதில் முக்கால்வாசி வகுப்புக்கு ஹாஜர் இல்லாதவனைப் பரீட்சைக்கு உட்கார விடமாட்டார்கள். அங்கேயோ அம்மை நான் ஏற்கெனவே வக்கீல் ஆகிவிட்டதாகச் சபை முழுக்கச் சொல்லி, எனக்காக ஒரு வேலித் தகராறையும் வாய்க்கால் தகராறையும் எடுத்து வைத்திருக்கிறாள். இஸ்ரவேல் உபதேசியார், பையன் இந்தப் பரீட்சை தேறினால்தான் மகள் ஜெபகுமாரியைக் கட்டிக்கொடுப்பேன் என்று கண்டிப்பாய்ச் சொல்லியிருக்கிறார். இப்படி நான் நடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் என் அறைத் தோழன் குமாரதாஸ் ஒரு வழி சொன்னான். பூதப்பாண்டிக்காரன், தைரியசாலி.

"நாலு மாட்டை ஒருத்தன் மேய்ச்சா நாலும் நாலு பக்கம் போவும் மக்கா. நீ ரெண்டை மேயி, நான் ரெண்டை மேய்க்கேன். பரீட்சை வரும்போ ஒருத்தனுக்கு ஒருத்தன் சொல்லிக் குடுத்தாப் போச்சு," என்றான். அதன்படி காண்ட்ராக்டும் டார்ட்ஸும் என் பொறுப்பு. ரோமன் லாவும் ஜூரிஸ்புரூடன்ஸும் அவன் பொறுப்பு. நான் போகும் வகுப்பில் அவன் பெயருக்கும் நானே ஹாஜர் சொல்ல வேண்டும். அவன் போகும் வகுப்பில் என் பெயருக்கு அவன் சொல்லுவான். என் பெயருக்கு என் குரல், அவன் பெயருக்குக் கொஞ்சம் ஜலதோஷக் குரல். முதல் வாரம் முழுவதும் ஒழுங்காக நடந்தது. இரவில் தூக்கம்கூட வந்தது. பிறகு ஒரு நாள் காண்ட்ராக்ட் வாத்தியார் தலையை நிமிர்த்தி, "குமாரதாஸ், எழுந்து நின்று சொல்லும், பிரதிபலன் இல்லாத வாக்குறுதி செல்லுமா?" என்று இங்கிலீஷில் கேட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. இப்போதுதானே ஹாஜர் சொன்னான், எங்கே போனான் என்று அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். வேறு வழியில்லாமல் நான் எழுந்து நின்றேன். பதில் எனக்குத் தெரிந்து தொலைத்தது. அவர் மிகவும் சந்தோஷப்பட்டு, குமாரதாஸை எல்லோரும் பார்த்துப் படிக்க வேண்டும் என்று சொன்னார். அன்று முதல் அந்த வகுப்பில் என் முகம் குமாரதாஸுடைய முகம். அந்த மாதமே ரோமன் லா வகுப்பில் இதே கதி அவனுக்கும் வந்தது. அங்கே அவன் ஜஸ்டஸ். ரோமாபுரி அடிமைகளை விடுதலை செய்யும் முறைகளை அவன் ஒப்பித்ததைக் கேட்டு, "ஜஸ்டஸ் என்றால் லத்தீனில் நீதிமான், உனக்குப் பெயர் பொருத்தம்" என்று வாத்தியார் முதுகில் தட்டினாராம். என் பெயருக்குக் கிடைத்த தட்டு என்பதால் நானும் சந்தோஷப்பட்டேன்.

போன வாரம் குமாரதாஸுக்குச் சர்க்கார் வேலைக்கு உத்தரவு வந்தது. படிப்பை விடுகிறேன் என்று ஆபீஸில் எழுதிக் கொடுத்து, பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். எனக்கு ரோமன் லா சொல்லித்தர வேண்டுமே என்று பஸ் வரைக்கும் கூடவே ஓடினேன். அவன் ஜன்னலில் தலையை நீட்டி, "புஸ்தகம் மேசை மேல இருக்கு மக்கா" என்றான். சரி, இனிமேல் எல்லா வகுப்புக்கும் நானே போய்விடுவோம் என்று தீர்மானித்து மறுநாள் காண்ட்ராக்ட் வகுப்பில் உட்கார்ந்தேன். வாத்தியார் நேராக என்னிடம் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "குமாரதாஸ் நம்மை விட்டுப் போகிறார். நஷ்டம் நமக்கு, லாபம் சர்க்காருக்கு" என்று ஒரு சிறு பிரசங்கமே செய்தார். வகுப்பு முழுவதும் கைதட்டியது. இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவ்வளவு கைதட்டிய பிறகு அத்தான், மனிதன் எப்படித் திரும்ப உட்காருவான்? கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ரோமன் லா வகுப்புக்குப் போனேன். ஜஸ்டஸ் என்று கூப்பிட்டார்கள், ஹாஜர் என்றேன். வாத்தியார் பேனாவைக் கீழே வைத்தார்.

"நீர் யார்?"

"ஜஸ்டஸ் சார்."

"ஜஸ்டஸை எனக்குத் தெரியும். குட்டையான பையன், நல்ல அறிவாளி. அவனுக்காக ஹாஜர் சொல்ல உமக்கு என்ன துணிச்சல்?"

நான்தான் நான் என்று சொல்லச் சொல்ல அவருக்குக் கோபம் ஏறியது. அப்படியானால் அடிமையை விடுதலை செய்யும் முறைகளைச் சொல்லு பார்க்கலாம் என்றார். தெரியாது என்றேன். "பார்த்தீர்களா, ஜஸ்டஸுக்கு இது தெரியும்" என்று வகுப்பைப் பார்த்துச் சொல்லி என்னை வெளியே அனுப்பினார். சாட்சிக்குக் கிருஷ்ணமணியைக் கூப்பிட்டேன். எங்களுக்கு அடுத்த அறைக்காரன், நான் யார் என்று நன்றாகத் தெரிந்தவன். அவன், "என்னை இதுல இளுக்காத மக்கா. நான் வேற ரெண்டு பேருக்கு ஹாஜர் சொல்லுகேன்" என்று காதோடு சொல்லிவிட்டான். ஆக, ஒரு வகுப்பில் படிப்பை விட்டுப் போனவன். மற்ற வகுப்பில் வேஷம் போட்டு வந்தவன். பிரின்சிபாலிடம் உண்மையைச் சொன்னால் பொய் ஹாஜருக்காக என்னை வெளியேற்றுவார். சொல்லாவிட்டால் ஹாஜர் குறைந்து பரீட்சை போகும், பரீட்சை போனால் ஜெபகுமாரி போவாள். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. கண்ணாடியைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

ஆகையால் தாங்கள் திங்கட்கிழமை கறுப்புக் கோட்டும் தலைப்பாகையும் தரித்து முதல் பஸ்ஸில் வந்து, ஒரு பள்ளிக்கூடத் தலைமை வாத்தியார் என்ற முறையில், இவன் என் மனைவியின் தம்பி ஜஸ்டஸ் என்று பிரின்சிபால் முன்னால் சொல்ல வேண்டும். அதற்குமேல் அவர் எதுவும் கேட்டால் காது மந்தம் என்று இருந்துவிடுங்கள். வர முடியாவிட்டால் தங்கள் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுக்க ஓர் இடம் தாருங்கள். வக்கீல் உத்தியோகத்தின் ஆசை என்னை விட்டு முற்றிலும் போய்விட்டது. அம்மையிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். அக்காளுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். தங்கள் வீட்டையும் வயலையும் பள்ளிக்கூடத்தையும் ஆண்டவர் ஒரு குறைவுமின்றி நடத்துவாராக.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
ஜஸ்டஸ்
(இந்தக் கடிதத்தில் மட்டும்)

பின்குறிப்பு: அத்தான், திங்கட்கிழமை வர வேண்டாம். வந்தாலும் கல்லூரிப் பக்கம் தலைகாட்ட வேண்டாம். இதை ஒட்டுகிற சமயத்தில் குமாரதாஸ் பாயோடு திரும்பி வந்துவிட்டான். அந்த வேலை வேறொரு குமாரதாஸுக்கு வந்ததாம். கல்லூரியில் அவன் பெயரை அடித்துவிட்டபடியால் நேரே ரோமன் லா வகுப்புக்குப் போயிருக்கிறான். வாத்தியார் அவன் தோளில் கைபோட்டு, "ஜஸ்டஸ், உன் பெயரைச் சொல்லி ஒருவன் திரிகிறான், ஜாக்கிரதை" என்று சொல்லி உட்கார வைத்தாராம். "உன் பேரு சும்மாதானே கெடக்கு மக்கா, கொஞ்ச நாளு நான் வச்சுக்கிடுதேன்" என்கிறான். நான் எந்தப் பெயரில் படிப்பது என்று கேட்டேன், யோசித்துச் சொல்லுகிறேன் என்றான். இந்த நேரத்தில் தாங்கள் வந்து உண்மையைச் சொன்னால் ஜஸ்டஸின் படிப்பு கெட்டுவிடும். நன்றாகப் படிக்கிற பையன்.