ஹார்மன் சட்டையை ஏன் அனுப்பவில்லை என்றால்

ஓடைப்பட்டி,
ஆவணி 14

மரியாதைக்குரிய மாப்பிள்ளை மதன்குமார் அவர்களுக்கு, உங்கள் மாமா தங்கப்பாண்டியன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும், இரண்டு மாடுகளும், ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சையும் நலம். சென்னையில் நீங்களும் பவானியும் நலமாக இருப்பீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்று சுருளி வேலப்பரை வேண்டிக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் அவ்வளவு தன்மையாக "சொல்லுங்க மாமா" என்கிறீர்கள், எனக்கு வாய் அடைத்துப் போகிறது. போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். "அந்த ஹார்மன் ஜாக்கெட்டை மட்டும் இந்த வாரத்துக்குள்ள கூரியர்ல போட்டுடுங்க மாமா. வண்டி ஓட்டிட்டு இருக்கேன், காரணத்தை அப்புறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டீர்கள். நானும் "ஆகட்டும் மாப்ள" என்றேன். ஆகாது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அதை மட்டும் எழுதினால் மற்றதையெல்லாம் மறைத்த பாவம் வந்து சேரும் என்பதால் முதலில் இருந்தே வருகிறேன்.

வெளிநாட்டுப் பட்டாளத்து விமானிகள் போட்ட பழைய தோல் சட்டைகளைத் தேடித் தேடிச் சேர்ப்பது உங்கள் பழக்கம். கல்யாணத்துக்கு முன்னால் விசாரித்தபோது, குடி இல்லை, சீட்டு இல்லை, பழைய சட்டை மட்டும் வாங்குவார் என்றார்கள். சிக்கனமான பிள்ளை என்று நினைத்துச் சரி என்றேன். சென்னைக் கடல்காற்றில் தோலில் பூஞ்சணம் பிடிக்கிறது, ஓடைப்பட்டி காய்ந்த ஊர், அங்கே இருக்கட்டும் என்று சித்திரையில் நான்கு சட்டைகளைக் கொண்டுவந்து பீரோவில் மாட்டி, கதவில் பதினான்கு விதிகள் எழுதிய அட்டையையும் ஒட்டிவிட்டுப் போனீர்கள். தோள் அகலமான ஹேங்கர் வேண்டும், பிளாஸ்டிக் உறை கூடாது, தண்ணீர் கூடாது, வெயில் கூடாது, எண்ணெய் தடவக் கூடாது. பவானியைக் கட்டிக் கொடுத்தபோது நான் கூட உங்களிடம் இத்தனை சொல்லவில்லை. இருந்தாலும் அந்த அட்டையை மனப்பாடம் செய்தேன் மாப்பிள்ளை, இது சத்தியம்.

மாதம் ஒருமுறை நிழலில் காற்றாட விட வேண்டும் என்பது ஏழாவது விதி. எங்கள் வீட்டில் நிழலும் காற்றும் சேர்ந்து கிடைக்கிற இடம் திராட்சைப் பந்தல். குதிரைத்தோல் சட்டையை அகலமான ஹேங்கரோடு பந்தல் கம்பியில் தொங்கவிட்டேன். அதுவரைக்கும் விதி எதையும் மீறவில்லை. ஆனால் அன்று மருந்து அடிக்கிற நாள் என்பதை மறந்துவிட்டேன். வேலைக்கு வரும் ஈஸ்வரபாண்டி தெளிப்பானை முதுகில் மாட்டிவிட்டால் முன்னால் நிற்பது கொடியா ஆளா என்று பார்க்க மாட்டான். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து, கழுத்திலிருந்து இடுப்பு வரை நீலமாக்கிவிட்டான். கேட்டதற்கு, "யாரோ தலயக் குனிஞ்சுக்கிட்டு நிக்காகன்னு நெனச்சேன். ஒதுங்குங்கன்னு மூணு தடவ சொன்னேன், ஒதுங்கல. கோவத்துல அடிச்சுட்டேன்" என்றான். ஈரத் துணியால் துடைத்தேன். அது நான்காவது விதிக்கு விரோதம், அதனாலோ என்னவோ நீலம் போகாமல் கைகளுக்கும் பரவியது. காயட்டும் என்று மூன்று நாள் அங்கேயே விட்டேன். அந்த மூன்று நாளும் பழம் கொத்த வரும் மயில் ஒன்று கூடத் தோட்டத்துக்குள் கால் வைக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து ராக்கையா வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மருமகன்ட்டச் சொல்லி எனக்கும் ரெண்டு வரவழையும்யா" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்ல என்று எழுதுங்கள்.

உள்ளே ஆட்டுமயிர் வைத்துத் தைத்த தடித்த சட்டை மேகமலையில் இருக்கிறது. என் தம்பி மகன் அஜய்குமார் அங்கே தேயிலை எஸ்டேட்டில் சூப்பர்வைசர் என்பது உங்களுக்குத் தெரியும். வைகாசியில் வந்தவன் பீரோவைத் திறந்து பார்த்து, "பெரியப்பா, மேல குளிர் கொல்லுது. ரெண்டு நா போட்டுட்டுத் தாரேன்" என்றான். ரெண்டு நாள் மூணு மாதமாகிவிட்டது. எஸ்டேட்டில் அவனை இப்போது பைலட் சார் என்று கூப்பிடுகிறார்களாம். போடியில் ஒரு பெண் வீட்டாருக்கு அந்தச் சட்டை போட்ட போட்டோவை அனுப்பி, அவர்களுக்கு அது பிடித்துப்போய், நிச்சயமும் முடிந்துவிட்டது. இப்போது சட்டையைத் திரும்ப வாங்கினால் மாப்பிள்ளை பாதி உடம்பாகத் தெரிவான், கல்யாணம் நின்றுபோகும் என்று என் தம்பி கையெடுத்துக் கும்பிடுகிறான். தை பிறக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். மூன்றாவது சட்டை நன்றாக இருக்கிறது. அதை நான் தொடவே இல்லை.

இனி ஹார்மன் சட்டைக்கு வருகிறேன். இதில் தப்பு முழுக்க என்னுடையது, அத்தையைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனி மாதம் அதைத் தூசி தட்டும்போது நெஞ்சுப் பக்கம் தைத்திருந்த பெயர்ப்பட்டையைப் பார்த்து, இது யார் என்று கேட்டாள். எழுத்துக் கூட்டி "டேனியல் ஹார்மன்" என்று வாசித்துச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இருக்காகளா?" என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? "சண்டைக்குப் போனவுக சட்ட. ஆளு இருந்தா சட்ட எதுக்கு வெளிய வருது?" என்று எல்லாம் தெரிந்தவன் போலச் சொல்லிவிட்டேன். அவள் சட்டையைத் திருப்பிப் பார்த்தாள். அக்குளுக்கு உள்பக்கம் கிழிந்த இடத்தை யாரோ வேறு நிற நூலில் கையால் தைத்திருக்கிறார்கள், நீங்கள் கவனித்தீர்களோ இல்லையோ. அந்தத் தையலை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். "இவுகளுக்கும் ஒரு அக்கா இருந்திருக்கா" என்றாள்.

முத்துவீரனைப் பற்றிப் பவானி உங்களிடம் சொல்லியிருப்பாள், அத்தையின் ஒரே தம்பி. பட்டாளத்தில் சேர்ந்து, வடக்கே பனிமலையில் காவல் இருந்தபோது பனி சரிந்து போய்விட்டான். பவானி அப்போது கைக்குழந்தை. தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்த வேண்டிய பிள்ளைக்கு, அவன் போட்டோவைப் பக்கத்தில் வைத்துக் குத்தினோம். எங்கள் வழக்கத்தில் அப்படிச் சின்ன வயதில் போனவர்கள் உடுத்திய துணி ஒன்றை ஓலைப்பெட்டியில் வைத்து, வருஷம் ஒருமுறை திறந்து பொங்கல் வைத்துக் கும்பிடுவோம். உடம்பு வந்தது, உடுப்பு எதுவும் வரவில்லை. வீட்டில் விட்டுப்போனதையும் அன்றைக்கே அவனோடு சேர்த்துப் போட்டுவிட்டார்கள். கடையில் எடுத்த புது வேட்டியைத்தான் இத்தனை வருஷமும் வைத்திருந்தாள். உடுத்தாத வேட்டிக்கு அவன் எப்படி வருவான் என்பது அவளுக்கு ஒரு குறை. வெளியே சொன்னதில்லை, எனக்குத் தெரியும்.

இந்த ஆடி அமாவாசைக்குப் பெட்டியைத் திறந்தபோது வேட்டிக்குப் பக்கத்தில் ஹார்மன் சட்டையை மடித்து வைத்திருந்தாள். பதினொன்றாவது விதிப்படி மடிக்கக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். "என் தம்பி குளிர்ல போனவன். இந்தா, உடுத்துன சட்ட ஒண்ணு இருக்கு, உடுத்துனவுகளும் கூடவே வருவாக. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் துணையா இருக்கட்டுமே" என்றாள். சாம்பிராணி போட்டு, சர்க்கரைப் பொங்கல் வைத்து, வெள்ளைக்காரருக்கு உறைப்பு ஆகாது என்று தனியாக ஒரு வாழைக்காயும் காரமில்லாமல் வறுத்து வைத்தாள். அன்றைக்கு அவள் சாப்பிட்டது போல நான் பல வருஷமாகப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை, நான் முப்பத்தெட்டு வருஷம் அவளோடு குடும்பம் நடத்தியவன். அந்தப் பெட்டியைத் திறந்து சட்டையை எடு என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. நீங்கள் அதை எவ்வளவு ஆசையாகத் தேடிப் பிடித்தீர்கள் என்பதும் தெரியும். இந்த மாமாவுக்காக அந்த ஒரு சட்டையை மறந்துவிடுங்கள். வேறு எது கேட்டாலும் தருகிறேன், மேகமலையில் இருப்பதைத் தவிர.

உங்களுக்கும் பவானிக்கும் எங்கள் ஆசீர்வாதம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். சம்பந்தி வீட்டார் எல்லோருக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் மாமா
மு. தங்கப்பாண்டியன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் பசை எடுக்கும்போது பவானி போன் செய்தாள். எனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். நீங்கள் சட்டையில் இருந்த பெயரை வைத்து அவர் நாட்டுப் பழைய விமானிகள் சங்கத்துக்கு எழுதினீர்களாம். ஹார்மன் என்பவர் எண்பது வயதில் திடமாக இருக்கிறாராம். வீடு மாற்றும்போது தொலைந்த சட்டை, இருக்கிறது என்று கேட்டதும் அழுதுவிட்டாராம். அவருக்கே சும்மா கொடுத்துவிடத்தான் நீங்கள் அவசரப்பட்டீர்களாம். இதை வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா மாப்பிள்ளை?

அத்தை என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன். "உசுரோட இருக்கவுகளுக்கா படையல் போட்டேன்?" என்று கேட்டாள். பிறகு, "இருக்கவுகளப் போயிட்டாகன்னு சொன்னா ஆயுசு கூடும்பாக. கூடட்டும்" என்று எழுந்து, அவளே பெட்டியைத் திறந்து சட்டையை எடுத்து உதறி, பூவைத் தட்டி, அதன் ஒரு பையில் ஏலக்காயும் மறு பையில் உலர்ந்த திராட்சையும் வைத்தாள். "அங்கன குளிரும்ல. மசமசன்னு நிக்காமக் கெளம்புங்க. அந்தக் கிழிசலத் தச்சது யாருன்னு மட்டும் மாப்ளயக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்க" என்றாள். சின்னமனூர் கூரியருக்கு இப்போதே போகிறேன், கடிதமும் இதே பார்சலில்தான் வருகிறது. சாம்பிராணி வாசம் போகாது, எங்கள் ஊரில் தோலை இப்படித்தான் பாதுகாப்பார்கள் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, இதைக் கூரியர் கடையில் நின்று எழுதுகிறேன். வீட்டில் செருப்பு மாட்டும்போது பார்த்தேன், ஓலைப்பெட்டியில் வேட்டிக்குப் பக்கத்தில் ஈஸ்வரபாண்டி மருந்தடித்த சட்டை இருக்கிறது. ஏன் என்று கேட்டேன். "முத்துவீரனுக்கு நீலம்னா உசுரு" என்றாள். அவன் நீலம் போட்டு நான் பார்த்ததே இல்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். நீங்களும் அப்படியே சொல்லிவிடுங்கள்.